ஞாயிற்றுக்கிழமைப் படகுக்கும் இன்சூரன்ஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உல்லாசத்துக்காகச் சொந்தப் படகு வைத்திருப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லைஃப் ஜாக்கெட் வரை எழுதியிருந்தீர்கள். இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் காசிமேட்டில் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின்) பழுது பார்ப்பவன். வருகிறவர்கள் பெரும்பாலும் மீனவர்கள். ஞாயிறன்று தூண்டில் போடவும் குடும்பத்தோடு சுற்றவும் ஃபைபர் படகு வைத்திருக்கும் நாலைந்து பேரும் உண்டு. இன்சூரன்ஸ் எடுத்தீர்களா என்று கேட்டால், "வருஷத்துக்குப் பத்து நாள் ஓட்டுற படகுக்கு எதுக்குப்பா?" என்பார்கள்.

சரி, மிச்ச நாளெல்லாம் அந்தப் படகு எங்கே நிற்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, அவர்களில் ஒருவருடைய படகு எண்ணூர் முகத்துவாரத்தில் கயிறு அறுந்து, பக்கத்தில் கட்டியிருந்த மீனவர் படகில் போய் மோதியது. படகுக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மீனவர் படகின் அணியம், அதாவது முன்பகுதி, பிளந்துவிட்டது. இவர் படகில் நாலு கீறல். அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். படகு சரிசெய்யும் செலவு, அதுவரை தொழிலுக்குப் போகாத நாட்களுக்கான கூலி, எல்லாம் இவர் தலையில் விழுந்தது. வீட்டம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று.

பைக்குக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம்மால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கானது) இல்லாமல் தெருவில் இறங்க மாட்டோம், சட்டம் விடாது. படகு சின்னது, விலை கம்மி என்பதெல்லாம் சொந்தப் படகுக்கு மட்டும்தான் கணக்கு. மோதப்போவது அடுத்தவர் பிழைப்பில் என்றால் நஷ்டத்தின் அளவு வேறு. மூழ்கிய படகை வழியிலிருந்து எடுக்கிற செலவும் நம்முடையதுதான். அதைத் தருகிற பாலிசிகள் இருக்கின்றன.

பாலிசி எடுக்கும்போது சின்ன எழுத்தையும் படியுங்கள். மோட்டார் திருடுபோனால், படகோடு சேர்த்துத் தனிப் பூட்டுப் போட்டிருந்தால்தான் பெரும்பாலும் பணம் வரும். நட்டு தளர்ந்து மோட்டார் தண்ணீரில் விழுந்தால் பல பாலிசிகள் தராது (இந்த மாதிரி எனக்கே மூன்று கேஸ் வந்திருக்கிறது). சொந்த உபயோகம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, காசு வாங்கி ஆள் ஏற்றினால் கம்பெனி கைவிரித்துவிடும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒன்று நடந்தால் எந்த வளையலை அடகு வைப்பது?

அந்தப் படகுக்காரர் இப்போது பாலிசி எடுத்துவிட்டார். கயிறு மட்டும் இன்னும் பழசுதான். போன வாரமும் சொன்னேன், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் மெக்கானிக்,
காசிமேடு, சென்னை.