ஜப்பானின் பழைய அடுக்ககங்கள்: சங்கக் கணக்கைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானில் பழைய அடுக்கக வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் ஏழு சதவீதம் கிடைக்கும் என்கிறார்கள். அந்த ஏழு சதவீதம் ஆண்டு வாடகையை விலையால் வகுத்து வந்தது. செலவு எதுவும் அதில் கழியவில்லை.

25 சதுர மீட்டர் வீடு, விலை ஒரு கோடி யென், மாத வாடகை 60,000 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 7.2 சதவீதம் காட்டும். உரிமையாளர் சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் 10,000, பழுதுபார்ப்பு நிதி 4,000, வாடகையைக் கவனிக்கும் நிறுவனத்துக்கு 3,000 மாதாமாதம் போகும். ஆண்டுச் சொத்து வரி 45,000 என்று கொண்டால் மிஞ்சுவது 4.7 சதவீதம். வீடு காலியாகக் கிடந்தாலும் சங்கக் கட்டணம் நிற்காது.

நான் அதிகம் அஞ்சுவது அந்த 4,000 யென்னைப் பார்த்துத்தான். ஜப்பானின் நிலத்துறை அமைச்சகம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலில், 20 மாடிக்கும் மொத்தத் தளப்பரப்பு 5,000 சதுர மீட்டருக்கும் குறைவான கட்டடங்களுக்கு இந்த நிதியின் சராசரி, வீட்டின் சதுர மீட்டருக்கு மாதம் 335 யென். இந்த வீட்டுக்கு அது 8,375 ஆகிறது. புதிதாக விற்கும்போது நிதியைக் குறைவாக வைத்து, பின்னால் படிப்படியாக ஏற்றுவதே அங்கே வழக்கம். ஏற்றுவதற்குப் பொதுக்கூட்டம் ஒப்ப வேண்டும்; ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் நிறைந்த கட்டடத்தில் அது எளிதில் நடப்பதில்லை. 12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரும் பழுதுபார்ப்பின்போது, வெளிச்சுவருக்கும் கூரை நீர்க்காப்புக்கும் பணம் போதாது. சங்கம் கடன் வாங்கும், அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தவணையில் கேட்கும். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியையும் சட்டப்படி புதியவரிடம் வசூலிக்கலாம்.

எனவே முன்பணம் கட்டும் முன்பே தரகரிடம் கேட்க வேண்டியவை: சங்கத்துக்காகக் கட்டடத்தைக் கவனிக்கும் நிர்வாக நிறுவனத்தின் கட்டட அறிக்கை, நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம், கடைசி மூன்று பொதுக்கூட்டங்களின் குறிப்புகள். நிதியின் இருப்பு, கட்டடத்தின் மொத்தப் பாக்கி, சங்கத்தின் கடன், முடிவாகிவிட்ட கட்டண உயர்வு எல்லாம் அவற்றில் இருக்கும். முக்கிய விவரங்களை ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்ற சொத்து விற்பனை வல்லுநர் விளக்க வேண்டும் என்பது சட்டம்தான். பல நேரம் கையெழுத்திடும் நாளிலேயே வாசித்துக் காட்டிவிடுகிறார்கள். அந்த விளக்கத்தின் வரைவை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நிலநடுக்கத்துக்கான புதிய கட்டட விதி 1981 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கட்டுமான அனுமதி கிடைத்த தேதியே இதில் கணக்கு. 1982, 83-இல் முடிந்த கட்டடமும் பழைய விதிப்படி எழுந்ததாக இருக்கலாம். அப்படியானால் மறுவிற்பனையில் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பழைய கட்டடங்கள் சிலவற்றில் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்குள் ஓடுகிறது. அது கசிந்தால் உங்கள் வீட்டுக்குள் நின்று சரிசெய்ய முடியாது. வாடகைதாரர் குடியிருக்கும்போது விற்கும் வீட்டை உள்ளே சென்று பார்க்கவே விடமாட்டார்கள்.

நீகாட்டா மாகாணத்து யுசாவாவில் பனிச்சறுக்கு விடுதி அடுக்ககங்கள் சில லட்சம் யென்னுக்கே விலைக்கு நிற்கின்றன. மாதக் கட்டணத்துக்கு அஞ்சியே அவற்றைப் பலர் தொடுவதில்லை.

வெளிநாட்டில் வசிப்பவர் ஜப்பானில் வரிப் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் விற்கும் ஆண்டின் ஜனவரி 1 அன்று, வீட்டை வாங்கி ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிராவிட்டால் லாபத்தில் 30.63 சதவீதம் வரி. அதைத் தாண்டினால் 15.315.

இத்தகைய முதலீடுகளைப் பற்றி எழுதும்போது, சங்கக் கட்டணமும் வரியும் கழித்த வருமானத்தையே அச்சிடுமாறு உங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டோக்கியோ வாசகர்