அடியில் நின்ற எண்ணெய்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வர முடியாததற்கு மன்னித்துக்கொள். மூட்டுவலி பஸ் ஏற விடவில்லை.

செக்குப் புண்ணாக்கில் தங்கிவிடும் எண்ணெயை, அதைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் என்ற திரவம் இல்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. போன வாரம் மாணவர்களை வைத்துக்கொண்டு வேர்க்கடலையில் எத்தனாலைக் (சாராயத்தில் இருக்கும் ஆல்கஹால்தான்) கொண்டு முயன்று பார்த்தேன்.

பொடித்த கடலையை வடிதாள் உறையில் அடைத்து, கொதித்த எத்தனாலைக் குளிரவைத்துத் திரும்பத் திரும்பப் பொடிமேல் சொட்டவிடும் சாக்ஸ்லெட் கருவியில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம். இறக்கியபோது குடுவையில் தெளிந்த மஞ்சள் திரவம். ஆறத் தொடங்கியதும் கலங்கியது; பிறகு பால்போல வெளுத்தது. ஐஸ் தண்ணீரில் வைத்துக் காத்திருந்தோம். எண்ணெய் தனியே பிரிந்து அடியில் இறங்கி நின்றது! எண்ணெய் என்றால் மிதக்கும் என்றே பழகிய பிள்ளைகள் குடுவையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எத்தனால் எண்ணெயைவிட லேசானது, அவ்வளவுதான்.

எத்தனால் சூட்டில் எண்ணெயைக் கரைக்கும், குளிர்ந்தால் விட்டுவிடும். ஹெக்சேன் அப்படி விடாது. 69 டிகிரியில் கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்தால் கை கால் நரம்புகள் கெடும். ஜப்பானிலும் இத்தாலியிலும் செருப்புக்குப் பசை ஒட்டிய எத்தனையோ தொழிலாளர்களுக்குக் கால் மரத்து, நடை தளர்ந்தது இதனால்தான். அதைப் பாடம் நடத்திவிட்டு, அதே திரவத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனால் கரும்பு ஆலையில் மிஞ்சும் சர்க்கரைப் பாகான மொலாசஸிலிருந்தே கிடைக்கிறது.

குறையும் உண்டு. எண்ணெயோடு சர்க்கரையையும் பிசினையும் சேர்த்து இழுத்து வருகிறது. கிடைத்த அளவும் ஹெக்சேனில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவு.

உன் செக்கு ஆலையில் நீயாக முயன்று பார்க்காதே. ஒரு பொறி பட்டால் எத்தனால் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பற்றும். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். வாங்குவதற்கும் அரசு உரிமம் வேண்டும். உன் செக்குப் புண்ணாக்கு ஒரு கிலோ அனுப்பு, இங்கேயே பார்த்துவிடுகிறேன். பூஞ்சை பிடிக்காததாக எடு. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துக் கட்டு. ஈரம் இருந்தால் எத்தனால் நீர்த்துப்போய் எண்ணெயைக் கரைக்காது.

அன்புடன்,
முருகேசன்