நான் வேலை பார்த்தது முங்கிப்போன கப்பலில் அல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த விமானம் தாங்கிக் கப்பல் கட்டுரையை என் பேத்திதான் சத்தமாக வாசித்துக் காட்டினாள். 1942ல் ஜப்பான்காரர்கள் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலைத்தான் பிரிட்டன் தூக்கியெடுத்துச் செப்பனிட்டு, விராட் என்று இந்தியாவின் தலையில் கட்டியது என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்க வேலை பார்த்தது முங்கிப்போன கப்பல்லயா?" என்று கேட்டாள். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை ஐயா, நீங்கள் ஒன்றாக்கிவிட்ட ஹெர்மிஸ்கள் இரண்டு. முதலாவது 1924ல் சேவைக்கு வந்தது. உலகத்திலேயே விமானம் தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது, கட்டி முடித்ததில் மட்டும் ஜப்பான் முந்திக்கொண்டது. 1942 ஏப்ரலில் திருகோணமலையில் குண்டு விழப்போகிறது என்று தெரிந்து வெளியே ஓடிவந்தபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில் நின்றன. ஏப்ரல் 9ஆம் தேதி 307 பேரோடு மூழ்கியது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அதைத் தூக்கியெடுக்க உங்கள் கட்டுரையாளர் ஒருவரால்தான் முடிந்திருக்கிறது.

விராட் ஆனது இன்னொரு ஹெர்மிஸ். 1944ல் கட்டத் தொடங்கியபோது அதன் பெயர் எலிஃபண்ட், ஆமாம், யானைதான். சண்டை முடிந்ததும் வேலை முடங்கி, 1953ல் தண்ணீரில் இறங்கி, 1959ல்தான் சேவைக்கு வந்தது. இடையில் பழைய கப்பலின் பெயரை இதற்கு வைத்தார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்மூரில் மட்டும்தானா? என் பெயரும் என் தாத்தாவுடையதுதான், அதற்காக அவர் செத்த தேதியை என் பென்ஷன் புத்தகத்தில் எழுதிவிடுவார்களா?

அப்புறம் அந்த "தலையில் கட்டியது". 1987ல் கப்பலை எடுத்துவர பிளிமத்துக்கு அனுப்பிய ஆட்களில் நானும் ஒருவன், எஞ்சின் பகுதி, வயது 24. டெவன்போர்ட் பட்டறையில் குளிரில் கை விறைக்க என் பங்க் படுக்கையின் தலைமாட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டினபோது, யாரோ ஆணியால் கீறிய ஒரு பெண் பெயரும் அதற்குக் கீழே 82 என்ற எண்ணும் தெரிந்தது. 1982ல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து சண்டைக்குப் போன பிரிட்டிஷ் கப்பல் கூட்டத்துக்கு இதுதான் தலைமைக் கப்பல், அந்த வருடம் அதே பங்க்கில் எவனோ ஒருவன் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறான். அந்த இடத்தில் மட்டும் நான் பெயிண்ட் அடிக்கவில்லை, அதற்காகத் திட்டும் வாங்கினேன். அவர்கள் இந்தக் கப்பலை ஓட்டியது 25 வருடம், நாம் ஓட்டியது 2017 வரை 30 வருடம். மே மாத அரபிக்கடலில் அந்தப் பாய்லர் அறையில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்து உங்கள் கட்டுரையாளர் "பழைய இரும்பு" என்று எழுதட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், நம்முடைய இன்னொரு விமானம் தாங்கியான விக்ராந்தை, "1971 போரில் விக்ராந்த்" என்று போட்ட படத்தில் கப்பலின் முன்பக்கம் சறுக்குமரம் போல மேலே தூக்கியிருந்தது. அந்த மேடு ஹாரியர் விமானங்களுக்காக எண்பதுகளின் கடைசியில் வைத்தது. 71ல் ஸீ ஹாக் விமானங்களை நீராவி கேட்டபுல்ட்தான் சுண்டி எறிந்தது. மூன்று பக்கம் எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. அதற்கும் முன்னால் அந்தக் கேட்டபுல்ட், சாய்வான ஓடுதளம், இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடி எல்லாமே அமெரிக்கா கண்டுபிடித்தது என்று போட்டீர்கள். மூன்றும் பிரிட்டிஷ்காரர்களின் யோசனை, அவர்களிடம் பார்த்துத்தான் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒன்றும் ஆசையில்லை, ஆனால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டாமா? நடிகர் வீட்டு நாய்க்குட்டியின் பெயர் தப்பாக வந்தால் அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவிக்கிறீர்கள். கடலில் செத்த 307 பேருக்கு ஒரு கட்டம் கிடையாது.

சரி, நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம். கோலப்போட்டி முடிவுக்குக் கீழே போட்டால்கூடப் போதும். பேத்திக்குப் பள்ளியில் "என் தாத்தா" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னதை எழுதவா, பத்திரிகையில் இருப்பதை எழுதவா என்று கேட்கிறாள், அச்சில் வந்ததுதான் சரி என்று அவள் டீச்சர் சொல்லியிருக்கிறாராம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். உங்கள் இதழ் எங்கள் ஊருக்குச் சனிக்கிழமை வந்துவிடும்.

இப்படிக்கு,
முன்னாள் கடற்படை எஞ்சின் பிரிவு ஊழியர்,
தூத்துக்குடி