சாப்பாடும் தங்குமிடமும் இலவசமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1875-ல் கட்டியது, விடிகாலை ஏலம், கூடை சுமக்கும் பெண்கள், எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: "படகில் போகிறவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், சம்பளம் அப்படியே மிச்சம்." அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் குமரி மாவட்டத்துக்காரன். 1998-ல் இங்கே வந்து 22 வருடம் இழுவைப் படகில் கலாசியாக, அதாவது வலை இழுக்கும் கூலியாளாக இருந்தேன். இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பின்னிக் கொடுக்கிறேன்.

தங்குமிடம் என்றால் இன்ஜினுக்கு மேலே ஒரு பலகை. அதில் ஆள் மாற்றி ஆள் படுப்போம். கீழே இருந்து சூடும் டீசல் வாடையும் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் இழுத்து, வலையைப் படகில் ஏற்றி, வாளையைத் தனியாக, கணவாயைத் தனியாக, இறாலைத் தனியாகப் பிரித்து ஐஸ் போட்டு முடிப்பதற்குள் அடுத்த வலைக்கு நேரமாகிவிடும். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கினால் அது நல்ல நாள். கக்கூஸ் கிடையாது. பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ராத்திரியில் இன்னொருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும்தான். குளியல் உப்புத் தண்ணீரில். பத்தாம் நாள் சட்டை அட்டை மாதிரி விறைத்துவிடும்.

சாப்பாடா? அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டீத்தூள் எல்லாவற்றையும் டீசலோடும் ஐஸோடும் சேர்த்து, மீன் விற்ற காசில் கழித்துவிட்டுத்தான் எங்கள் படகில் பங்கு போட்டார்கள். என் சோற்றை என் காசில்தான் தின்றேன், ஐயா.

2009-ல் வலை உதறும்போது கெளுத்தி முள் வலது உள்ளங்கையில் ஏறியது. கை தோள் வரை கடுத்தது. கரைக்குத் திரும்ப இன்னும் ஆறு நாள். டீசல் போட்டாயிற்று, திரும்ப முடியாது என்றார் படகை ஓட்டும் தாண்டேல். அவரையும் குறை சொல்ல மாட்டேன், முதலாளிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். சமைக்கும் தம்பிதான் தாங்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். கரைக்கு வந்து கணக்குப் பார்த்தபோது அந்த ஆறு நாளுக்கும் எனக்கு அரைப் பங்கு. இன்றைக்கும் அந்தக் கையின் சுண்டுவிரல் முழுதாக மடங்காது.

சரி, இது என் பாடு. உங்கள் நாளிதழ் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்கள் ஊர்க் கடலைப் புரட்டியது, உங்களுக்குத் தெரியாததல்ல. ஊர்ப் படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரைக்கும் வந்து ஒதுங்கின. டிசம்பர் 5 அன்று மும்பையில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். நாங்கள் அதற்கு முந்தைய வாரமே கடலுக்குப் போயிருந்தோம். செல்போன் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே எடுக்காது. என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் டாக் வாசலில் நின்றாள். அவள் வாசிக்கும் ஒரே பத்திரிகை உங்களுடையது. புயல் எந்தப் பக்கம் போகிறது என்று அதில் தேடித் தேடிப் பார்த்தாளாம். சென்னை மழைதான் இருந்ததாம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று இதுவரை ஒருவரும் கேட்டு எழுதியதில்லை. நிவாரணம் கேட்டு ஊரில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன், நீ மும்பையில் தொழில் செய்கிறவன் என்றார்கள். இங்கே கேட்டேன், உன் அட்டை தமிழ்நாட்டு அட்டை என்றார்கள். இரண்டு கரையிலும் என் பெயர் இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, சம்பளம் மிச்சம் என்று எழுத எப்படி மனசு வந்தது?

அந்த வரி தவறு என்று அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். அப்புறம், தினமும் சென்னை வெயில் அளவு போடுகிறீர்களே, அதற்குக் கீழே மீனவர்களுக்கு வானிலைத் துறை தரும் அரபிக்கடல் காற்று எச்சரிக்கையையும் போடுங்கள். படகில் இருக்கிறவனுக்கு அது கிடைக்காது. வீட்டில் இருக்கிறவர்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
22 ஆண்டுக் கால வாசகன்,
கொலாபா, மும்பை-5