கண்ணால் வெட்டாதே

அன்புள்ள மதி,

உன் கடிதமும் ஒன்றரை நிமிட டப்பிங் துண்டும் வந்து சேர்ந்தன. டிசைன் படிப்பின் நடுவில் அனிமேஷனுக்கு நீயே குரல் கொடுத்து நீயே எடிட்டும் செய்கிறாய் என்பது நல்ல செய்தி. குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டில்தான் கோளாறு.

நீ காதால் எடிட் செய்யவில்லை, கண்ணால் செய்திருக்கிறாய். திரையில் ஒலியின் அலைக்கோடு எங்கே தட்டையாகிறதோ அங்கேயே கத்தி வைத்திருக்கிறாய். படத்தை க்ராப் செய்து பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் தமிழ்ச் சொல்லின் கடைசி ஒலி பல நேரம் அலையில் தெரியாத அளவுக்குச் சின்னது. "பாட்டு", "காசு", "நேற்று" எல்லாம் குற்றியலுகரத்தில் முடிபவை. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த அரை மாத்திரையைத்தான் நீ டைம்லைனில் நறுக்கிப் போட்டிருக்கிறாய். 40ஆவது நொடியில் "நேற்று" என்பது "நேற்ற்" என்று நிற்கிறது, கேட்டுப் பார். "வந்தேன்", "மரம்" போன்ற சொற்களின் ன், ம் ஒற்றுகளுக்கும் இதே கதிதான்.

அலையை உயரவாக்கில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வால் தெரியும். அது முடிந்ததாகத் தோன்றும் இடத்திலிருந்து 50 முதல் 80 மில்லிசெகண்ட் தள்ளி வெட்டு. கடைசி 20, 30 மில்லிசெகண்டுக்கு ஃபேடு அவுட் போடு, அதாவது ஒலி மெல்லத் தேய்ந்து மறையட்டும். சொல்லின் தொடக்கத்தில் 10 மில்லிசெகண்ட் முன்னதாக வெட்டி 5 மில்லிசெகண்ட் ஃபேடு இன் (ஒலி மெல்ல ஏறுவது) போதும். ஃபேடு இல்லாமல் வெட்டினால் அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் அறுபடும். என்னவென்று நீ கடிதத்தில் கேட்டிருந்த "டிக், டிக்" சத்தம் அதுதான், மைக்கில் எந்தக் கோளாறும் இல்லை.

இன்னொன்று. மௌனத்தைத் தானாக நீக்கும் வசதியைப் பயன்படுத்தியிருக்கிறாய் என்று நினைக்கிறேன், தமிழுக்கு அது ஆகாது. "பத்து", "அப்பா" என்று வல்லினம் இரட்டிக்கும்போது நாக்கோ உதடோ அடைத்து நிற்கும் நேரம் 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சகஜம். மென்பொருளுக்கு அது வெறும் மௌனம், எடுத்துவிடும். ஒற்று மெலிந்து, பேசுபவர் அவசரத்தில் விழுங்கியது போல ஆகிவிடும். மெல்லிய ஒலியைத் தானாக அடைத்துவிடும் "நாய்ஸ் கேட்" வசதியை இறுக்கமாக வைத்தாலும் இதே சேதம்தான்.

வசனங்களுக்கு நடுவே நீ விட்டிருக்கும் வெற்றிடமும் உறுத்துகிறது. முழு மௌனம் எந்த அறையிலும் கிடையாது. ரெக்கார்டிங் முடிந்ததும் மைக்கை அசைக்காமல், யாரும் பேசாமல் 30 நொடி அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள். அதுதான் ரூம் டோன். இடைவெளிகளில் அதை நிரப்பி, ஓரங்களில் கிராஸ்ஃபேடு கொடு, ஒன்று தேயும்போதே மற்றது ஏறட்டும். மூச்சுச் சத்தத்தையும் மொத்தமாக அழிக்காதே, 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும். மூச்சே விடாத பாத்திரம் ரோபோ போலத்தான் கேட்கும்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாக. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், கத்தும் வசனம் மைனஸ் 6 வரை போகலாம். உச்ச வரம்பான பூஜ்ய டெசிபலைத் தொட்டுச் சிதைந்துபோன டேக்கைக் காப்பாற்ற முயல்வதை விடத் திரும்பப் பேசுவது லேசு. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் "ப" சொல்லும்போது காற்று முட்டாது. தூரத்தைக் குறித்து வை. முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். அதனால் இன்று ஒரு சாணிலும் நாளை அரைச் சாணிலும் பேசினால் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தொண்டை இருப்பது போல ஆகும். வசனத் தாளைக் கண் மட்டத்தில் ஒட்டு, குனிந்து படித்தால் குரல் மைக்கை விட்டு விலகும்.

எதிரொலியில் மட்டும் சமாதானம் வேண்டாம். மின்விசிறி இரைச்சல் மாறாத ஒலி என்பதால் ஓரளவு கழித்துவிடலாம். எதிரொலி உன் குரலின் நகலே, வசனத்தோடு பின்னிக் கிடக்கும். பிரிக்கப் போனால் குரலும் சேர்ந்து கிழியும். துணி நிறைந்த அலமாரி முன்னால் நின்று, முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடு.

உதட்டசைவு பற்றிக் கேட்டிருந்தாயே, முக்கால்வாசி வேலை வசனம் எழுதும்போதே முடிந்துவிடுகிறது. எல்லா எழுத்தையும் பொருத்த வேண்டியதில்லை. பார்ப்பவர் கண் பிடிப்பது உதடு மூடும் ப, ம இரண்டையும்தான். அதற்கடுத்து ஓ, ஊ என்று குவியும் இடங்கள். உன் படத்தில் பையனும் நாயும் நடந்து வரும் ஷாட்டை எடுத்துக்கொள். போனில் அவன் மூல மொழியில் சொல்வது "ஐம் கமிங் ஹோம்". உதடு மூன்று முறை மூடுகிறது, கடைசியில் குவிந்து மூடுகிறது. "நான் வீட்டுக்கு வந்துட்டு இருக்கேன்" என்ற உன் வரியில் உதடு ஒரு முறைகூட முழுதாக மூடவில்லை, வாய் நின்ற பிறகும் குரல் ஓடுகிறது. "அம்மா, கிளம்பிட்டோம்" என்று வைத்துப் பார். "ஐம்" இடத்தில் "அம்", "மிங்" இடத்தில் "ம்பி", "ஹோம்" இடத்தில் "டோம்" அப்படியே உட்காரும். அசை இரண்டு கூடும், கொஞ்சம் வேகமாகச் சொன்னால் சரியாகிவிடும். வீடு என்ற சொல் போய்விட்டதே என்று கவலைப்படாதே, நாய் இழுக்கும் திசையே அதைச் சொல்லிவிடும்.

பேசும்போது வரிக்கு முன்னால் ஒரு நொடி இடைவெளியில் மூன்று பீப் வை. நான்காவது பீப் விழ வேண்டிய இடத்தில் வசனம் தொடங்கட்டும். 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிசெகண்ட். சந்தேகம் வந்தால் குரலை ஒரு ஃப்ரேம் பின்னுக்குத் தள்ளு, முன்னுக்கு இழுக்காதே. ஒலி சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. தூரத்து ஒலி தாமதமாக வருவது நம் காதுக்குப் பழக்கம்தானே.

தயவுசெய்து புளூடூத் ஹெட்போனில் இதைச் சரிபார்க்காதே. அதில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வரலாம். நீ குரலைச் சரிசெய்வதாக நினைத்து முன்னுக்கு இழுத்துவிடுவாய், மற்றவர் கேட்கும்போது எல்லா வரியும் முந்திக்கொண்டு நிற்கும். உன் துண்டில் எல்லா வசனமும் ஒரே அளவு முந்துகிறது, அதனால்தான் எனக்கு இந்தச் சந்தேகம். முந்துவது போகப் போகக் கூடினால் காரணம் வேறு. போனில் எடுத்த வீடியோ என்றால் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும், முதலில் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் போட வேண்டும்.

மென்பொருள் எது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. குரலைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி தாராளம், ஆனால் அதில் படம் ஓடாது. உதட்டசைவு பார்க்க ரீப்பரோ டாவின்சி ரிசால்வின் ஃபேர்லைட் பக்கமோ வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். வெட்டி ஒட்டி முடித்த பிறகு இரைச்சல் நீக்கம், 6 முதல் 10 டெசிபலோடு நிறுத்திக்கொள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வரும். அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டும் ஹைபாஸ். "ச", "ஸ" கூசினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அந்தக் கூச்சத்தைத் தணிக்கும் டீ-எஸ்ஸர். அதன் பிறகே உரத்த, மெல்லிய ஒலிகளின் வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர், 3க்கு 1 விகிதத்தில், உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் அழுத்தினால் போதும். கம்ப்ரஸரை முன்னால் போட்டால் அது மெல்லிய ஒலிகளோடு இரைச்சலையும் தூக்கிவிடும், நீக்குவது இரட்டை வேலை. முடிவில் லவுட்னஸ், அதாவது மொத்தமாகக் காதுக்குத் தெரியும் உரப்பு. அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ்.: இணையத்துக்கு மைனஸ் 14 முதல் மைனஸ் 16, உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஒளிபரப்புக்கு என்றால் ஐரோப்பிய ஆர்128 விதிப்படி மைனஸ் 23. படத்தை வாங்குபவர் எந்த அளவு வேண்டும் என்று சொன்ன பிறகு மாற்றிக்கொள்.

அடுத்த துண்டை எம்பி3 ஆக அனுப்பாதே. லேயர்களை ஒட்டிவிட்டு ஜேபெக் அனுப்பித் திருத்தச் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? குரல், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கும்படி அனுப்பு. மூல மொழிக் குரல் உள்ள பைலட் டிராக்கையும் ரூம் டோனையும் மறக்காமல் சேர்த்துவிடு.

அன்புடன்,
கயல்