திருச்சபைச் செயலாளரின் ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

உயிர்த்தெழுந்த திருநாள், விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை, கீத ஆராதனை எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின.

இந்த ஆண்டு என் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது போதகர் ஐயாவின் சம்பளக் கணக்கு. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி வருமான வரிக்கு அவர் சபையின் ஊழியர். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் தர வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பு) வரிகளுக்கு மட்டும் அவர் சுயதொழில் செய்பவர். ஆபீஸ் சகோதரிக்குப் பிடிப்பதுபோல் ஐயாவிடம் அவற்றைப் பிடிக்கவும் கூடாது, சபை பாதியைக் கட்டவும் முடியாது. இரண்டும் சேர்ந்த 15.3 சதவீதமும் சுயதொழில் வரியாக அவர் பொறுப்பு. நாம் அமர்த்தியிருந்த சம்பளக் கணக்கு நிறுவனத்துக்கு இது தெரியவில்லை. எல்லோரையும் போலவே அவரிடமும் பிடித்து வந்தார்கள். சம்பள வரிக் கணக்கைத் திருத்துவதற்கான 941-எக்ஸ் படிவம் போட்டுச் சரிசெய்தாயிற்று. இப்போது ஐயா கேட்டுக்கொண்டபடி, சுயதொழில் வரிக்கும் ஈடாகும்படி, வருமான வரியாகக் கூடுதலாகப் பிடிக்கிறோம். காலாண்டுதோறும் அவர் தனியாகக் கட்டும் அலைச்சல் மிச்சம்.

அப்புறம் வீட்டுப்படி, அதாவது வீட்டுச் செலவுக்கென்று சம்பளத்தில் ஒதுக்கும், வருமான வரி இல்லாத தொகை. இதற்குச் சபை முன்கூட்டியே தீர்மானம் போட வேண்டும், பின்தேதியிட்டால் செல்லாது. சம்பளம் 48,000 டாலர், அதில் வீட்டுப்படி 20,000 என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவும் உண்மையாகவே வீட்டுக்குச் செலவாகி, நியாயமான வாடகை மதிப்பையும் தாண்டாவிட்டால், 28,000 டாலருக்குத்தான் வருமான வரி. சுயதொழில் வரிக்கோ முழு 48,000 டாலரும் கணக்கில் வரும்: சுமார் 6,780 டாலர்.

இந்தத் தீர்மானத்துக்காகத்தான் டிசம்பர் கூட்டம் கூட்டினேன். கோரம் சேரவில்லை. தீர்மானம் பிப்ரவரியில்தான் நிறைவேறியது. ஜனவரிச் சம்பளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வராதவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை, போதகர் குடும்பத்துக்குத்தான் நஷ்டம். வர முடியாதவர்கள் ஒரு போனாவது செய்திருக்கலாம்.

4361 படிவம் கொடுத்துச் சுயதொழில் வரியிலிருந்தே விலக்கு வாங்கிவிடலாமே என்று ஐயாவுக்கு யோசனை சொன்ன அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விலக்கு, விசுவாசத்தின் பேரில் இத்தகைய அரசுக் காப்பீட்டையே மனதார எதிர்ப்பவர்களுக்கானது. பணம் மிச்சம் பிடிக்க அதில் கையெழுத்திடக் கூடாது. முதுமையில் அவருடைய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் இந்தக் காப்பீட்டை நம்பித்தான் இருக்கின்றன.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்கட்டிவிட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. பெயர்களை இங்கே எழுதவில்லை.

பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பொருளாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சுயதொழில் வரியில் பாதி அளவாவது ஐயாவின் சம்பளத்தில் கூட்டித் தர வேண்டும் என்பது என் விருப்பம். அந்தத் தொகைக்கும் வரி உண்டு, ஆனாலும் பாரம் குறையும். பாக்கிச் சந்தா வந்தாலே இதைத் தொடங்கிவிடலாம். வீட்டுப்படித் தீர்மானத்தை இந்த முறை நவம்பர் கூட்டத்திலேயே வைக்கிறேன். குழுவினர் அன்று ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாமல் இருந்து கையெழுத்திடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்