ஸ்பெயினின் வலென்சியாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் அலுவலகத் தோழி ஞாயிற்றுக்கிழமை பயேயா என்னும் அவர்கள் ஊர் அரிசிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்ததாகவும், போனால் மாலைவரை எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அறையில் தனியாகச் சோறு வைத்து, மடிக்கணினியைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடிக்கவா அவ்வளவு தூரம் போனாய்? அடுத்த முறை அழைத்தால் கட்டாயம் போ.

சென்ற செப்டம்பரில் நாங்கள் வந்திருந்தபோது, நீ அழைத்துப்போன அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அந்த அரிசி குட்டையானது. குழம்பு ஊற்றிப் பிசைவதற்கு ஏற்றதன்று, ஆனால் வேகும்போது சாற்றை முழுவதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே எல் பல்மார் கிராமத்தில் பயேயா சமைத்தவர் என்னை அடுப்பருகே நிற்க விட்டார். அவர் ஆரஞ்சு மர விறகை எரித்து, அகன்ற தட்டையான இரும்புச் சட்டியில் கோழியையும் முயலையும் ஆலிவ் எண்ணெயில் சிவக்க வறுத்து, பச்சை பீன்ஸும் கரோஃபோ என்னும் பெரிய வெள்ளை மொச்சையும் தக்காளியும் சேர்த்து வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதித்துச் சாறு இறங்கிய பின்பே குங்குமப்பூவையும் அரிசியையும் போட்டார். அரிசியைப் பரப்பிய பிறகு அதில் கரண்டி படவே இல்லை. கிளறினால் குழைந்துவிடும் என்பது ஆயுள் முழுவதும் நெல் விளைவித்த எனக்குச் சொல்லாமலே விளங்கியது. கடைசியில் தீயைக் கூட்டி அடிப்பிடிக்க விட்ட பொன்னிறக் காந்தலை, சொக்கராத் என்று அவர்கள் போற்றுவதை, அம்மாவின் தட்டுக்குச் சுரண்டி வைத்தார்கள். உன் பாட்டி இருந்திருந்தால், வெண்கலப் பானைக் காந்தலுக்கு நாங்கள் போட்ட சண்டைகளையெல்லாம் அங்கேயே சொல்லித் தீர்த்திருப்பாள்.

தோழி வீட்டில் சட்டியிலிருந்தே மரக்கரண்டியால் உண்ணும் பழைய வழக்கம் இருந்தால், உனக்கு முன்னால் உள்ள பங்கைத் தாண்டிக் கரண்டியை நீட்டாதே. முயல் வேண்டாமென்றால் முந்தின நாளே சொல்லிவிடு.

நீ தயங்குவது சாப்பாட்டுக்காக அன்று, அதற்குப் பிறகு மேசையிலேயே நீளும் பேச்சான சோப்ரமேசாவுக்காக என்பது எனக்குத் தெரியும். கை கழுவியதும் கலைந்துவிடுவது நம் வீட்டுப் பழக்கம். அங்கே காபி வந்த பிறகுதான் பேச்சே சூடு பிடிக்கிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நடுவில் ஸ்பானிய மொழியை விட்டு வலென்சிய மொழிக்குத் தாவுவார்கள். பாதி புரிந்தால் போதும், உட்கார்ந்திரு. ஓராண்டு வகுப்பு உனக்கு இலக்கணத்தைக் கொடுத்தது. பேச்சு அந்த மேசையில்தான் வரும்.

வார நாள்களில் இரண்டு மணிக்கு அலுவலகத்தார் உணவகத்தில் மெனு தெல் தியா என்னும் அன்றைய சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது நீயும் போ. இரண்டு வகை உணவு, ரொட்டி, பானம், இனிப்பு அல்லது காபி எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும்போது, டப்பாவில் கட்டிக்கொண்டு போவதில் நீ மிச்சம் பிடிப்பது பெரிதாக இராது. இரவு உணவு ஒன்பதுக்கு முன் தொடங்காதாகையால் ஏழு மணிக்கு ஏதாவது கொறித்துக்கொள். மது வேண்டாமென்றால் தயங்காமல் சொல். கோடையில் கோரை இனக் கிழங்கைப் பிழிந்து குளிர்ச்சியாகத் தரும் ஓர்ச்சாத்தா இருக்கவே இருக்கிறது.

விருந்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் பேக்கரியில் நல்ல இனிப்பாக வாங்கிப் போ. பிறகு ஒரு ஞாயிறு அவர்களை நீ அழை. 1928இல் திறந்த அந்த அழகான மத்தியச் சந்தை ஞாயிற்றுக்கிழமை இராது. சனிக்கிழமை மதியத்துக்குள் காய்கறி வாங்கி வைத்துவிடு. மிளகாயைப் பாதியாகக் குறை, அவர்களுக்குக் காரம் பழக்கமில்லை. அம்மா புளிக்காய்ச்சல் செய்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அங்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறோம். அதை நீயே தீர்த்துவிடாமல் அந்த விருந்துக்கு எடுத்து வை.

அன்புடன்,
அப்பா